செவலைக்கு வலிப்பு வந்தது: ஓசூர் பக்கம் போவதா, சேலம் பக்கம் போவதா?

"கண்ணு, செவலைக்கு என்னமோ ஆவுது, ஓடியா" என்று அம்மா கத்தியபோது விடியற்காலை மூன்றே கால் மணி. ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் நாய் செவலை திண்ணைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடக்கிறது. நான்கு கால்களும் விறைத்து இழுக்கின்றன, நகங்கள் சிமெண்ட் தரையில் கிறீச்சென்று உராய்கின்றன. கண் திறந்திருக்கிறது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. வாயெல்லாம் நுரை. அம்மா பீரோ சாவிக்கொத்தை எடுத்துவந்து அதன் முன்னங்காலில் வைத்து அழுத்தினார். மனிதர்களுக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். இரும்பால் வலிப்பு நிற்காது. ஆனால் அந்த நேரத்தில் அதன் தலைப்பக்கம் கை போகாமல் இருந்ததே பெரிய நல்லது.

செவலை எங்கள் மாந்தோப்பில் வளர்ந்த நாட்டு நாய். பதினொரு வயது, பதினெட்டு கிலோ. அதுவரை உண்ணியைத் தவிர வேறு நோய் கண்டதில்லை. விடிந்ததும் வீட்டில் மூன்று யோசனைகள் வந்தன. பெங்களூருவில் வேலை பார்க்கும் தம்பி போனில், "அக்கா, நேரா இங்க கூட்டிட்டு வந்துரு, எம்.ஆர்.ஐ. எடுத்துரலாம்" என்றான். பக்கத்துத் தோப்பு மாமா, "நாமக்கல் வெட்டினரி காலேஜுக்குக் கொண்டு போம்மா, அங்கதான் முழுசாப் பாப்பாங்க" என்றார். அம்மா மட்டும், "வயசாயிருச்சு, போட்டு அலைக்கழிக்காதீங்க, இங்கேயே பாத்துக்கலாம்" என்றார். எங்கள் ஊரான காவேரிப்பட்டணத்திலிருந்து பார்த்தால் எல்லாம் அந்த ஒரே நாலுவழிச் சாலைதான். வடக்கே போனால் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு. தெற்கே போனால் தர்மபுரி, தொப்பூர் கணவாய், சேலம், நாமக்கல். எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. வயதான நாய்க்கு முதல்முறையாக வலிப்பு வந்து திகைத்து நிற்பவர்களுக்காக, அந்த மூன்று வாரத்தில் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். மூளையில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்க முடியாத, பிறவிச் சாய்வால் வரும் வலிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கிவிடும். அதைத் தாண்டிய வயதில் முதல் வலிப்பு வந்தால், பின்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடியாக வேண்டும். ரத்தச் சர்க்கரை இறங்குவது, கல்லீரல் அல்லது சிறுநீரகம் பழுதாவது, கால்சியம் குறைவது, விஷம், மூளையில் கட்டி, மூளை வீக்கம் என்று அந்தப் பட்டியல் நீளும். இதில் பாதியை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். மீதிப் பாதி ரத்தத்தில் தெரியவே தெரியாது. இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் எங்கே போவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஊர் டாக்டரிடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தோப்புல மருந்து அடிச்சீங்களா?" தை மாதம், மா பூத்திருந்த நேரம், எங்களைச் சுற்றி எல்லாத் தோப்பிலும் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பூச்சிமருந்து உள்ளே போயிருந்தால் எச்சில் ஒழுகும், கழிச்சல் இருக்கும், தசைகள் துடித்துக்கொண்டே இருக்கும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கிவிடும். அப்படியானால் அது ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் விஷயமே இல்லை, உடனடியாக விஷமுறிவு ஊசி போட வேண்டும். செவலைக்கு அந்த அறிகுறி எதுவும் இல்லை. அடுத்து, உண்ணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். உண்ணிக்குக் கொடுக்கும் சில புதிய மாத்திரைகள் வலிப்புச் சாய்வுள்ள நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-லேயே எச்சரித்திருக்கிறது. வெறிநாய்க்கடி ஊசி போட்டிருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. போடாத நாய்க்குக் குணம் மாறி வலிப்பும் வந்தால், தொடாமல் டாக்டரைக் கூப்பிடுவது ஒன்றுதான் வழி.

அப்புறம் என் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அது முடிந்து அரைமணி நேரம் செவலை குருடு போல நடந்து சுவரில் முட்டியதையும், குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததையும் சொன்னேன். "இது வலிப்புதான், மயக்கம் இல்லை" என்றார். வயதான நாய்களில் இரண்டு விஷயங்கள் வலிப்பைப் போலவே தெரியும். இதயக் கோளாறால் வரும் மயக்கத்தில் ஓடும்போதோ குரைக்கும்போதோ பொத்தென்று விழுந்து, சில விநாடிகளில் ஒன்றும் நடக்காதது போல எழுந்துவிடும். உட்காதின் சமநிலை கெடுவது இன்னொன்று. அதில் தலை ஒருபக்கம் சாயும், கருவிழி இடமும் வலமும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் நினைவு இருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு. அதனால் எங்கே கொண்டுபோனாலும் கையில் வீடியோ இருக்கட்டும். டாக்டர் முன்னால் நாய் வலிப்பு வந்து காட்டாது.

இனி ரத்தப் பரிசோதனை. நாங்கள் அதிகம் தடுமாறியது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்களில் நாயின் ரத்தம் பெரும்பாலும் மனிதர்களுக்கான லேபுக்குத்தான் போகிறது. காலை ஒன்பது மணிக்கு எடுத்துக் கொடுத்தோம், மாலை ரிப்போர்ட் வந்தது. ஒரே தாளில் ஐந்து இடத்தில் தடித்த எழுத்து. சோடியம் 147, அதிகம் என்று குறி. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 66, குறைவு என்று குறி. சர்க்கரை 58, குறைவு. கல்லீரல் வரிசையில் ஏ.எல்.பி. என்ற நொதி 310, அதிகம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 95,000, குறைவு. அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அன்று இரவு சாப்பிடவே இல்லை.

மறுநாள் டாக்டர் அந்தத் தாளில் பேனாவால் முதலில் இரண்டு வரிகளை அடித்துவிட்டார். பக்கத்துக் கட்டத்தில் அச்சாகியிருந்த சாதாரண அளவு மனிதர்களுடையது. மனிதருக்கு எம்.சி.வி. 80-லிருந்து 100 வரை, நாய்க்குச் சுமார் 60-லிருந்து 77 வரை. நாயின் சிவப்பணுவே சின்னது. சோடியமும் நாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆக இரண்டும் நோயே இல்லை. மனித லேப் ரிப்போர்ட்டில் குறி போட்டிருக்கிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம், குறி இல்லை என்பதற்காக நிம்மதி அடையவும் வேண்டாம். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நாய்க்கான அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சர்க்கரை. "ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க, எத்தனை மணிக்கு மெஷின்ல போட்டாங்க?" என்று கேட்டார். விசாரித்ததில் மதியம் மூன்று மணிக்குத்தான் போட்டிருக்கிறார்கள். ஆறு மணி நேரம் பிரிக்காமல் சாதாரணக் குழாயிலேயே இருந்திருக்கிறது. குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். வெயில் நேரத்தில் மணிக்கு மணி அளவு இறங்கும். மறுநாள் வெறும் வயிற்றில், சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளூரைடு குழாயில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் 94. முதலில் வந்த அந்த 58-ஐ நம்பியிருந்தால் கணையத்தில் இன்சுலின் கட்டி இருக்கிறதா என்று தேடிப் போயிருப்போம். வயதான நாய்க்கு அந்தக் கட்டி வருவது உண்டு, வெறும் வயிற்றில் தளர்ச்சியும் வலிப்பும் வரும் என்பதால் சர்க்கரையைப் புறக்கணிக்கவும் கூடாது. சரியாக எடுத்த குழாயிலும் 60-க்குக் கீழே நின்றால் அது உண்மையான எச்சரிக்கை. வலிப்பு நடக்கும்போதே எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வலிப்பு முடிந்த உடனே எடுத்தால் படபடப்பில் சர்க்கரை ஏறியும் காட்டும்.

ஏ.எல்.பி. 310 என்பது நாய் அளவுக்கும் அதிகம்தான். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் அரிப்புக்காக ஒரு ஊசி போட்டிருந்தோம், அது ஸ்டீராய்டு. நாய்களுக்கு ஸ்டீராய்டு போட்டாலே ஏ.எல்.பி. ஏறிவிடும். நாயின் உடலில் ஸ்டீராய்டுக்கென்றே ஏ.எல்.பி.யில் தனி வகை ஒன்று சுரக்கிறது. கல்லீரல் அணுக்கள் சிதைவதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 48, அதில் பயமில்லை. இங்கே இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருப்பதால் மட்டும் கல்லீரல் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. யூரியா, ஆல்புமின், சர்க்கரை, கொலஸ்ட்ரால் நான்கும் சேர்ந்து இறங்கியிருந்தால்தான் கல்லீரல் கைவிடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பித்த அமிலம் பார்ப்பார்கள். செவலைக்கு நான்கும் ஒழுங்காக இருந்தன. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1, கால்சியம் சரி.

தட்டணு 95,000 மட்டும் உண்மையான குறைவு. நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மெஷினில் நாய்த் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு குறைவாகக் காட்டுவதும் உண்டு. அதனால் டாக்டர் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்துத் தானே பார்த்தார். ஒட்டிய திரள்கள் இல்லை, உண்மையிலேயே குறைவு. உண்ணிக் காய்ச்சல் என்று முடிவுசெய்து டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 28 நாள் எழுதினார். நம் பக்கம் உண்ணி இல்லாத நாயே கிடையாது. இந்தக் காய்ச்சல் சில சமயம் மூளையையும் தொடும். ஆனால் இதுதான் வலிப்புக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

கடைசியாகத் தாளை மடித்து வைத்துவிட்டு செவலையை நிற்கவைத்து, ஒவ்வொரு பாதமாகத் திருப்பி, மேல்புறம் தரையில் படும்படி வைத்தார். வைத்த மாத்திரத்தில் அது பாதத்தைச் சரியாகத் திருப்பி ஊன்றியது. நான்கு காலிலும் அப்படியே. ஒரு பக்கக் கால் மட்டும் மடங்கியபடி நின்றாலோ, ஒரு கண் பக்கம் கையைக் கொண்டுபோனால் சிமிட்டாமல் இருந்தாலோ, மூளையின் எதிர்ப்பக்கத்தில் கோளாறு இருக்கலாம். பைசா செலவில்லாத இந்தப் பரிசோதனைதான் பின்னால் எங்கள் முடிவை மாற்றியது.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

வீட்டிலேயே வைத்துக் காத்திருப்பது என்றால் கைவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வந்தது ஒரே ஒரு வலிப்பு, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது, ஒருநாளில் நாய் பழையபடி ஆகிவிட்டது, ரத்தமும் பாத பரிசோதனையும் சரி என்றால் காத்திருப்பது முறையான வழிதான். அதைச் சும்மா செய்யக் கூடாது. தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, முன்பு என்ன சாப்பிட்டது, எல்லாவற்றையும் ஒரு காலண்டரில் எழுத வேண்டும். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் ஒரே நாளில் இரண்டு வந்தாலோ, ஒன்று ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, வலிப்பு இல்லாத நாட்களில் வட்டமடித்தாலோ, சுவரில் தலையை அழுத்தி நின்றாலோ, ஒரு மூலைக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் திகைத்தாலோ காத்திருப்பது தவறு. எங்களுக்குப் பத்தொன்பதாம் நாள் இரண்டாவது வலிப்பு வந்தது. ஆறு மாதத்துக்குள் இரண்டு வந்தால் மருந்து தொடங்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். காத்திருக்கும் காலம் அதோடு முடிந்தது.

பிறகு நாமக்கல்லா பெங்களூருவா என்ற கேள்வி. தூரத்தில் பெங்களூருதான் கிட்டே. எங்கள் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். நாமக்கல் சுமார் 150. ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் நகர நெரிசலில் ஊர்ந்து போக வேண்டும். ஹெப்பாலில் இருக்கும் கால்நடைக் கல்லூரி நகரத்தின் வடகோடியில் இருக்கிறது. நாமக்கல்லுக்கு தொப்பூர் இறக்கத்தைத் தவிர நேர் சாலை. விடியற்காலை கிளம்பினால் ஓ.பி. திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். வண்டியில் நாயை ஏற்ற எல்லா டிரைவரும் ஒத்துக்கொள்வதில்லை, அதை முந்தின நாளே பேசிவிட வேண்டும். தர்மபுரிக்காரர்களுக்கு நாமக்கல் இன்னும் கிட்டே. ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்லும் கணக்கு தலைகீழாக மாறும், அவர்கள் பெங்களூருவே போகலாம்.

நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும். நாய்க்கான அளவோடு ரிப்போர்ட் தருவார்கள். ரத்தத்தை வெயிலில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. வயதான நாய்க்கு மார்பு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் நான் மிகவும் மதிக்கும் நடுப்படி. மண்ணீரலிலோ நுரையீரலிலோ ஒரு கட்டி தெரிந்துவிட்டால், மூளைக்கும் பரவியிருக்கலாம் என்று யூகித்துவிடலாம், மூளை ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. அதோடு சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்தால்தான் கிரியாட்டினின் எண்ணுக்கு முழு அர்த்தம் கிடைக்கும். மெலிந்த கிழ நாய்க்குத் தசை குறைவதால் கிரியாட்டினின் பொய்யாகக் குறைந்து நிற்கும்.

பெங்களூரு வழியின் பலம் எம்.ஆர்.ஐ. இதில் தம்பி சொன்னது தவறே இல்லை. ஆறு வயதுக்கு மேல் வலிப்பு தொடங்கினால் மூளையைப் படமெடுக்க வேண்டும் என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. கட்டியா வீக்கமா என்று மற்றவற்றைவிடத் தெளிவாகக் காட்டுவது அதுதான். ஆனால் நாய் அசையாமல் கிடக்க முழு மயக்க மருந்து தர வேண்டும். பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதற்கு முன் இதயம், சிறுநீரகம் எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். நான் தம்பியிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "படத்துல கட்டின்னு வந்தா நாம என்ன செய்வோம்?" மூளை அறுவை, கதிர்வீச்சு எல்லாம் நாய்க்கு நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பவை அல்ல. கிடைத்தாலும் பதினொரு வயதுச் செவலையை அதற்கு உட்படுத்த மாட்டோம். அப்படியானால் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொடுக்கப் போவது வலிப்பு மருந்தும், தேவைப்பட்டால் வீக்கம் குறைக்கும் மருந்தும்தான். பாதங்கள் நான்கும் சரியாக ஊன்றுகின்றன, குணம் மாறவில்லை. தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி அக்கா, நாமக்கல்லே போங்க" என்றான். ஆறேழு வயது நாய் என்றாலோ, மருந்துக்கு அடங்காத வலிப்பு என்றாலோ, ஒருபக்கக் கால் தடுமாறினாலோ நான் தம்பி பக்கம்தான் நின்றிருப்பேன். விடை தெரிந்தால் செய்வது மாறும் என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் வேண்டும்.

நாமக்கல்லில் ஸ்கேனும் எக்ஸ்ரேயும் சுத்தமாக வந்தன. தட்டணு ஏறத் தொடங்கியிருந்தது. மருந்து எது என்பதில்தான் கடைசியாக ஒரு தேர்வு இருந்தது. ஃபினோபார்பிடோன் பழைய மருந்து, விலை குறைவு, நாளுக்கு இரண்டு வேளை. ஆரம்பத்தில் தள்ளாடும், தூங்கும், பசியும் தாகமும் கூடும். அது கல்லீரல் வழியாகக் கழிவது, அதனால் கல்லீரல் கெட்ட நாய்க்கு ஆகாது. ரத்தத்தில் நிலைப்பட இரண்டு வாரம் ஆகும், அப்புறம் மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலையும். லெவெடிராசெட்டம் கல்லீரலை அதிகம் தொடாது, தூக்கமும் குறைவு, ஆனால் விலை கூட, சாதாரண மாத்திரை என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்க வேண்டும். பொட்டாசியம் புரோமைடு நிலைப்பட மூன்று மாதம் வரை ஆகும், சிறுநீரகம் பலவீனமான நாய்க்குச் சரிப்படாது. செவலையின் கல்லீரல் நன்றாக இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அது தோப்பில் எந்த மரத்தடியில் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது, வீட்டில் அம்மா மட்டும் இருப்பார். அதனால் ஃபினோபார்பிடோன். எதைத் தொடங்கினாலும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முன்பைவிட மோசமான வலிப்பு வரலாம்.

மருந்து தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஃபினோபார்பிடோன் கொடுத்தாலே ஏ.எல்.பி. ஏறும், தைராய்டு எண் இறங்கும். முந்தைய எண் கையில் இருந்தால்தான் அடுத்த டாக்டர் அது மருந்தால் ஏறியதா நோயால் ஏறியதா என்று பிரிக்க முடியும். ஸ்டீராய்டு ஊசி போட்ட தேதியையும் அதே தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

இரவில் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கினோம். சுற்றியிருக்கும் பொருட்களை நகர்த்திவிட்டு விளக்கை அணைக்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். வாய்க்குள் கையோ கரண்டியோ தண்ணீரோ கூடாது. நாய் நாக்கை விழுங்கிவிடாது. நீண்டால் உடல் கொதிக்கும், பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைக்கலாம். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆசனவாய் வழியாகச் செலுத்தும் மருந்து ஒன்றை முன்கூட்டியே எழுதித் தந்திருக்கிறார். அதைச் செலுத்திவிட்டு உடனே வண்டி எடுக்க வேண்டும்.

இப்போது காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் அம்மா ராகிக் களியில் நெல்லிக்காய் அளவு உருட்டி, நடுவே மாத்திரையை வைத்து, ஆறவிட்டுக் கொடுக்கிறார். முதல் வாரம் செவலை படியேறத் தள்ளாடியது, இப்போது ஏறுகிறது. சாவிக்கொத்து பீரோவிலேயே தொங்குகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை வருகிற வியாழக்கிழமை, வெறும் வயிற்றில். சாம்பல் மூடிக் குழாய் இருக்கிறதா என்று லேபில் இன்றே கேட்டு வைத்துவிட்டேன்.